கண்டி மலைப்பாறையும் கிணற்று நீரும்: யுரேனியம் எங்கே கரைகிறது?

புவியோட்டில் ஒரு தொன் பாறைக்குச் சராசரியாக இரண்டரை முதல் மூன்று கிராம் வரை யுரேனியம் உண்டு. வெள்ளியைவிட இது பல மடங்கு அதிகம். கருங்கல் வகைகளில் சற்றுக் கூடும், சுண்ணாம்புக்கல்லில் குறையும், முற்றாக இல்லாத பாறை அரிது. பாறையோடு ஒட்டி நிற்கும் நீரிலும் அதன் ஒரு துளி கரைந்தே இருக்கும். ஆகவே நிலத்தடி நீரில் யுரேனியம் உண்டா என்று கேட்டால் எந்த ஊருக்கும் விடை ஒன்றுதான். எவ்வளவு உண்டு என்று கேட்டால்தான் ஊருக்கு ஊர், சில இடங்களில் வீட்டுக்கு வீடு, விடை மாறும். ஒரு லீற்றரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான நீரும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டிய நீரும் உண்டு. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு.

கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த ஹந்தானை, நக்கிள்ஸ் மலைகளையும் தாங்கி நிற்பது புவிச்சரிதவியலாளர் 'உயர்நிலத் தொகுதி' என்று அழைக்கும் பழம்பாறை. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை இது. சார்ணோக்கைட்டு, நைஸ், படிகப்பார், பளிங்குக்கல் என்று பல வகைகள் இதில் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். திகனப் பக்கம் டொலமைட்டு வெட்டி எடுப்பதும் மாத்தளைப் பக்கம் பெல்ஸ்பார் தோண்டுவதும் இந்தத் தொகுதியின் புண்ணியத்தில்தான்.

இத்தொகுதியில் கதிரியக்கக் கனிமங்கள் கிடப்பது நூற்றிருபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அந்தக் கதையில் தமிழர் நன்கறிந்த ஒருவர் வருகிறார். ஆனந்த குமாரசுவாமியை இன்று எல்லாரும் கலை வரலாற்று அறிஞராகவே நினைக்கிறார்கள். கண்டியக் கைவினைஞரைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல் அப்படி. ஆனால் அவர் படித்த படிப்பு புவிச்சரிதவியல். 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் அளவைக்கு முதற் பணிப்பாளரும் அவரே. அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோது, 1904இல், பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கனத்த கறுப்புக் கனிமம் ஒன்று யுரேனியக் கனிமமான யுரேனினைட்டு என்றே முதலில் எண்ணப்பட்டது. இலண்டனில் விண்டம் டன்ஸ்டன் அதைப் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. தோரியனைட்டு என்ற புதுப் பெயர் அதற்குக் கிடைத்தது. பின்னர் 1953இல் எஹலியகொடையில் எக்கநாயக்க என்பவர் கண்டெடுத்த இரத்தினக்கல், அவர் பெயராலேயே எக்கனைட்டு ஆயிற்று. அதுவும் தோரியக் கனிமம்தான். தன்னுள் இருக்கும் கதிரியக்கத்தாலேயே தன் படிகக் கட்டமைப்பு சிதைந்துபோன விசித்திரக் கல். பேருவளைக் கடற்கரை மணலில் உள்ள மொனசைட்டிலும் கதிரியக்கம் தருவது பெரும்பாலும் தோரியமே.

இந்த விவரம் குடிநீருக்கு மிக முக்கியம். தோரியம் நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. கதிரியக்கம் அளக்கும் கருவியைப் பாறைமேல் வைத்தால் படபடவென்று அடிக்கும் இடத்திலும், பக்கத்துக் கிணற்று நீர் சுத்தமாக இருக்கலாம். பாறையில் கதிரியக்கம் இருப்பதால் நீரிலும் இருக்கும் என்று எழும் அச்சத்துக்கு இங்கே பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

மீதிப் பாதி யுரேனியத்தின் குணத்தில் இருக்கிறது. ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் அது கரையாமல் பாறையோடு ஒட்டிக் கிடக்கும். ஒட்சிசன் கலந்த நீர் வெடிப்புகளின் வழியே இறங்கி வந்ததும் ஒட்சியேறி, யுரேனைல் என்னும் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறும். அப்படிக் கரைந்தாலும் வெகுதூரம் போய்விடாது. மண்ணிலுள்ள களியும் இரும்பு ஒட்சைட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலையகத்தின் சிவந்த மண்ணுக்கு நிறம் கொடுப்பதே இந்த இரும்பு ஒட்சைட்டுகள்தான். ஆனால் நீரில் இருகாபனேற்று மிகுந்திருந்தால் நிலைமை தலைகீழாகும். இருகாபனேற்று யுரேனைலோடு இணைந்து உறுதியான சேர்மமாகிறது. கல்சியமும் சேர்ந்துகொண்டால் அந்தப் பிணைப்பு இன்னும் இறுகும். மண்ணால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே யுரேனியம் மிகும் நீர் எதுவென்று கேட்டால், வெடித்த கருங்கற்பாறையில் நெடுங்காலம் தங்கி, ஒட்சிசனும் இருகாபனேற்றும் நிறைந்த நீர் என்று சொல்லலாம்.

கண்டியில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மேற்பரப்பில் உக்கிய பாறை வழியே அந்த மழைநீர் விரைவாக ஊறி, சரிவில் ஊற்றாகவும் பீலியாகவும் வெளிவந்து ஓடையில் சேர்ந்துவிடுகிறது. தோட்டத்து லயங்களுக்குக் காலங்காலமாகத் தண்ணீர் தரும் பீலி அந்த வகை நீர்தான். அது பாறையோடு பழகும் காலம் குறைவு, உப்புகள் குறைவு, பெரும்பாலும் சற்று அமிலத்தன்மையும் உண்டு. யுரேனியத்தை ஏற்றிச் செல்லும் வலு அதற்கு இல்லை. நகரத்தின் குழாய்நீரோ மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. ஓடும் ஆற்றுநீரில் யுரேனியம் பொதுவாக மிகக் குறைவு. குழாய்நீர் குடிக்கும் கண்டி வாசிக்கு இது கவலைப்பட வேண்டிய பொருளன்று.

கவனம் வேண்டிய இடம் குழாய்க்கிணறு. 1980களில் கண்டி மாவட்டத்தின் ஹாரிஸ்பத்துவப் பகுதியில் பின்லாந்து அரசின் உதவியோடு குடிநீர்த் திட்டம் ஒன்று நடந்தது. பாறையைத் துளைத்துக் கைப்பம்பி பூட்டிய கிணறுகள் கிராமங்களுக்கு அப்போது கிடைத்தன. அதன் பிறகு தனியார் வீடுகளும் விடுதிகளும் தொழிற்கூடங்களும் தாமாகவே துளைக்கத் தொடங்கின. வட்டக்கிணறு மேலுள்ள உக்கிய மண்ணிலிருந்து நீர் எடுக்கும். குழாய்க்கிணறு அதற்குக் கீழே கடும்பாறையின் வெடிப்பிலிருந்து எடுக்கும். ஒரே வளவில் உள்ள இரண்டு கிணறுகளின் நீரும் வேதியியலில் இரண்டு வெவ்வேறு நீராக இருக்கலாம். திகன, குண்டசாலைப் பக்கம் பளிங்குக்கல் பட்டையைத் தொட்டு வரும் நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் கூடுதலாகக் கரைந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதென்றால் அந்த நீர் கடின நீர். அதில் யுரேனியம் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது; இருந்தால் கரைந்து நிற்கக்கூடிய நீர் என்பதற்கு மட்டும் அடையாளம்.

ஹாரிஸ்பத்துவவுக்குக் கிணறு தோண்ட உதவிய பின்லாந்தே இந்த விடயத்தில் உலகுக்குப் பாடம் தந்த நாடு என்பது தற்செயல்தான். அந்நாட்டின் நிலமும் கண்டியைப் போலப் பழமையான படிகப் பாறை. அங்கேயும் ஆழம் குறைந்த கிணறுகளில் யுரேனியம் குறைவு, பாறையைத் துளைத்த கிணறுகள் சிலவற்றில் மிக அதிகம். அத்தகைய கிணறுகளின் நீரைக் குடித்துவந்த 325 பேரை அங்குள்ள ஆய்வாளர்கள் பரிசோதித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்தக் கிணறுகளின் இடைநிலை அளவு லீற்றருக்கு 28 மைக்ரோகிராம், உச்ச அளவு 1920. சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சுகளில் குறை காணப்படவில்லை. ஆனால் வடிந்த நீரிலிருந்து தேவையான பொருள்களை மீட்டெடுக்கும் நுண்குழாய்களின் வேலையில் சிறிய தளர்ச்சி தெரிந்தது. மீட்கப்பட வேண்டிய கல்சியமும் பொசுபேற்றும் சிறுநீரோடு சற்று அதிகமாகப் போயின. நீரில் யுரேனியம் கூடக்கூட அந்தப் போக்கும் கூடியது. நோயாளி என்று சொல்லும் அளவுக்கு எவரும் பாதிக்கப்படவில்லை.

யுரேனியம் என்றதும் புற்றுநோயே மனத்தில் எழும். ஆனால் குடிநீரில் யுரேனியத்தின் முதல் இலக்கு சிறுநீரகம், அதுவும் கதிரியக்கத்தால் அல்ல, ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களின் வழியில் இரசாயன நச்சாக. காரணம் எளிது. இயற்கை யுரேனியத்தில் 99 வீதத்துக்கு மேலானது யுரேனியம்-238. அதன் அரைவாழ்வு சுமார் 450 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருளின் கதிரியக்கமும் மெலிந்ததாகவே இருக்கும். ஒரு லீற்றரில் 30 மைக்ரோகிராம் இருந்தால், மூன்று செக்கனுக்கு ஓர் அணு என்ற வேகத்தில்தான் சிதைவு நடக்கும். அதன் வழித்தோன்றல்களான ரேடியமும் ரேடன் வாயுவும் வேறு கதை. அவை வீரியம் மிக்கவை, யுரேனியம் குறைந்த நீரிலும் கூடுதலாக இருக்கக்கூடியவை, தனியாக அளக்கப்பட வேண்டியவை.

குடித்த யுரேனியத்தில் குடல் உறிஞ்சுவது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு. மற்றது மலத்தோடு போய்விடும். உறிஞ்சப்பட்டதிலும் பெரும்பகுதி சில நாட்களுக்குள் சிறுநீரில் வெளியேறும். எஞ்சியது சிறுநீரகத்திலும், கல்சியம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பிலும் தங்கும். லீற்றருக்கு 30 மைக்ரோகிராம் உள்ள நீரை நாளுக்கு இரண்டு லீற்றர் குடிப்பவரின் இரத்தத்தில் சேர்வது ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். தோல் வழியே அது உடம்புக்குள் ஏறுவது இல்லையென்றே சொல்லலாம். குளிப்பதும் துவைப்பதும் ஆபத்தல்ல. குடிப்பதும் சமைப்பதுமே கணக்கு. உடல் எடைக்கு அதிக நீர் குடிப்பது கைக்குழந்தை என்பதால், பால்மாவைக் கிணற்று நீரில் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். குழந்தை உணவு தயாரிக்க ஏற்றது என்று சீட்டு ஒட்டி விற்கும் போத்தல் நீருக்கு ஜெர்மனி வைத்த எல்லை வெறும் 2 மைக்ரோகிராம்.

எல்லை எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் காலத்தோடு மாறுவதும் பலரைக் குழப்புகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் லீற்றருக்கு 2 மைக்ரோகிராம் என்றது, 2004இல் 15 என்றது, 2011இல் 30 என்றது. ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுக்கொண்டே போகிறார்கள் என்று இதைப் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் முதலில் வைத்த எண்கள் எலிகளில் செய்த சோதனையிலிருந்து, பெரிய பாதுகாப்பு இடைவெளி விட்டுக் கணக்கிட்டவை. பின்லாந்து போன்ற நாடுகளில் மனிதரிடமே ஆய்வு செய்த முடிவுகள் வந்த பிறகு அவ்வளவு இடைவெளி வேண்டியதில்லை என்று ஆயிற்று. 30 என்பதும் தற்காலிக எண் என்றே அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவும் 30 வைத்திருக்கிறது, கனடா 20, ஜெர்மனி பொதுக் குடிநீருக்கு 10. இவை பாதுகாப்புக்கும் நோய்க்கும் இடையே போட்ட கோடுகள் அல்ல. 29 குடித்தவர் தப்புவார், 31 குடித்தவர் நோயில் விழுவார் என்று எவரும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுதும் குடித்தாலும் அஞ்ச வேண்டாம் என்று சொல்லத்தக்க எண்கள் அவை.

சிறுநீரக நுண்குழாய் என்றதும் இலங்கையில் எவருக்கும் நினைவுக்கு வருவது வடமத்திய மாகாணம். மெதவாச்சி, பதவியா போன்ற இடங்களில் 1990களிலிருந்து நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயரிட்டார்கள். கண்டிக்குக் கிழக்கே, மகாவலி மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைத் தொடும் பக்கத்தில் உள்ள கிராந்துருகோட்டையும் அந்த நோயின் மையங்களுள் ஒன்று. அங்கிருந்து நோயாளர்கள் பலர் சிகிச்சைக்குக் கண்டி வைத்தியசாலைக்கு வந்திருக்கிறார்கள். இந்த நோயிலும் நுண்குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த திசுவுமே முதலில் கெடுகின்றன. யுரேனியத்தின்மேல் சந்தேகம் விழுந்தது இந்த ஒற்றுமையால்தான்.

சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் கண்டிப் பக்கத்தவரே. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையில் சி. பி. திசாநாயக்க, ரோஹண சந்திரஜித் ஆகியோர் நீரின் வேதியியலுக்கும் நோய்க்கும் உள்ள உறவை நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள். மருத்துவப் புவிச்சரிதவியலுக்கு அவர்கள் எழுதிய அறிமுக நூல் 2009இல் வந்தது. சந்திரஜித்தும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நோய் மிகுந்த இடங்களிலும் நோயில்லாத இடங்களிலும் குடிநீரை எடுத்து, சிறுநீரகத்துக்கு நஞ்சான கட்மியத்தையும் யுரேனியத்தையும் உட்படப் பல மூலகங்களை நுண்ணிய அளவில் அளந்தார்கள். கட்மியம் காரணமல்ல என்று தெளிவாகவே சொன்னார்கள். அளந்த எந்தத் தனி மூலகத்தையும் நோயோடு நேராகப் பொருத்த முடியவில்லை. நோயுள்ள பகுதிகளின் நீரில் புளோரைட்டு கூடுதலாக இருந்தது. அந்நீரின் தனித்த வேதியியல் சேர்க்கையே நோயோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து. இன்றுவரை அந்த நோயை யுரேனியத்தின் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் இல்லை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. வெப்பமான வறண்ட நிலம், ஆவியாதல், கடின நீர், ஆழக்கிணறு என்று அந்தப் பிரதேசத்தின் சூழல் முழுவதும் யுரேனியம் கரைவதற்கு வசதியானதே. ஆகவே அங்கே அளப்பதை நிறுத்திவிட்டால் அது மடமை.

அந்தச் சூழல் முற்றினால் என்னவாகும் என்பதை இந்தியாவில் காணலாம். பஞ்சாபின் மால்வாப் பகுதியில் 2009இல் ஊனமுற்ற குழந்தைகளின் தலைமயிரில் யுரேனியம் கண்டபோது, அனல் மின் நிலையச் சாம்பலிலிருந்து ஆப்கானிஸ்தான் போர் வரை பலவற்றின்மேல் பழி விழுந்தது. பிந்தைய ஆய்வுகள் காட்டிய திசை, அவ்வளவு பரபரப்பில்லாதது: சுண்ணாம்பு மிகுந்த மண், பாசன நீர், இருகாபனேற்று. 2018இல் டியூக் பல்கலைக்கழகத்தார் இராஜஸ்தானிலும் குஜராத்திலும் 324 கிணறுகளைப் பார்த்தபோது, இராஜஸ்தான் கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று 30 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. மூலம் பாறைதான் என்றாலும், நீர்மட்டம் தாழும் அளவுக்கு இறைப்பதால் பாறைக்குள் காற்றுப் புகுந்து யுரேனியம் ஒட்சியேறுகிறது என்றும், வயலிலிருந்து இறங்கும் நைத்திரேற்று அதைத் தூண்டுகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். நைத்திரேற்றின் பங்கை அமெரிக்காவின் பெரும் வேளாண் சமவெளிகளில் செய்த ஆய்வு ஒன்று 2015இலேயே காட்டியிருந்தது. உரம் அதிகம் இடும் மலையக மரக்கறித் தோட்டங்களும், கிணற்று நைத்திரேற்றுக்குப் பெயர்போன யாழ்ப்பாணக் குடாநாடும் இந்தச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீரில் யுரேனியம் இருப்பதை நாவோ மூக்கோ கண்ணோ சொல்லாது. வீட்டுக்கு வந்து ரி.டி.எஸ். கருவியை நீரில் தோய்த்துக் காட்டும் விற்பனையாளரும் சொல்ல முடியாது. அந்தக் கருவி அளப்பது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டுமே. வழமையான கிணற்று நீர்ப் பரிசோதனையிலும் யுரேனியம் பொதுவாக இடம்பெறாது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அளப்பதற்கு ஐ.சி.பி.-எம்.எஸ். என்னும் நிறமாலைக் கருவி ஏற்றது. நீர் ஆராய்ச்சிக்கென்று தனி நிலையமே இயங்கும் பேராதனைக்கு அருகில் வாழ்வோருக்கு இதில் அலைச்சல் குறைவு.

கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மண் வடிகட்டி, கரி வடிகட்டி இரண்டாலும் பெரிய பயனில்லை. எதிர்மின்னயன் பரிமாற்றப் பிசினும் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீக்கும். வடமத்திய மாகாணக் கிராமங்களில் கடற்படையினர் கட்டிக்கொடுத்தவை இந்த ஆர்.ஓ. நிலையங்கள்தான். ஆனால் நீக்கியது மறைந்துவிடுவதில்லை. கழிவுநீரில் செறிந்து வெளியே வரும், அதைக் கிணற்றடியிலேயே ஊற்றினால் திரும்பவும் நிலத்துக்குள் போகும். அளந்து பார்க்காமல் ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவது, நோய் தெரியாமல் மருந்து குடிப்பது போன்றது. மழைநீரைச் சேர்ப்பதோ ஆழம் குறைந்த கிணற்றின் நீரைக் கலப்பதோ பல இடங்களில் அதைவிட மலிவான வழி.

கண்டி மாவட்டத்தில் கிணற்று நீரால் இதுவரை வந்த துன்பங்கள் யுரேனியத்தால் வந்தவை அல்ல. கம்பளையில் 2007இல் பரவிய ஹெபடைடிஸ் ஏ மஞ்சட்காமாலை, மலம் கலந்த நீர் என்ன செய்யும் என்பதற்கு எடுத்துக்காட்டு. சரிவில் மேல்வீட்டு மலக்குழியும் கீழ்வீட்டுக் கிணறும் நெருங்கியிருக்கும் இடங்களில் அந்த ஆபத்து அன்றாடமானது. அதற்குப் பயந்து ஆழத்துக்குப் போகிறவர்கள் கிருமியை விட்டுக் கனிமத்தின் பக்கம் போகிறார்கள் என்பதை அறிந்து போகவேண்டும். பாறையைத் துளைத்த கிணறு வைத்திருக்கும் வீடு, பாடசாலை, விடுதி எதுவானாலும் யுரேனியத்துக்கு மழைக்காலத்தில் ஒரு முறையும் வறட்சிக்காலத்தில் ஒரு முறையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பாறை நீரில் அது மெதுவாகவே மாறும் என்பதால், கிணற்றை மேலும் ஆழப்படுத்தாதவரை அந்த முடிவு பல ஆண்டுகளுக்குச் செல்லும். கிருமிப் பரிசோதனை மட்டும் ஆண்டுதோறும் வேண்டும்.